டெல்டாவில் லிமொன்செல்லோ: பழம் தேர்வதிலிருந்து புட்டியில் அடைப்பது வரை

தென் இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்துக்குத் தெற்கே உள்ள சொரெண்டோ, அமால்ஃபி கடற்கரை ஊர்களிலும் எதிரே உள்ள காப்ரி தீவிலும், இரவு உணவு முடிந்தபின் சின்னஞ்சிறு கோப்பைகளில் ஊற்றித் தரப்படும் மஞ்சள் நிற இனிப்பு மதுவே லிமொன்செல்லோ. எலுமிச்சையின் மேல்தோல், சாராவி (ஆல்கஹால்), சீனி, தண்ணீர் ஆகிய நான்கைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. பெயரைக் கேட்டவுடன் பழத்தைப் பிழியத் தொடங்குபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டும் சேராது என்பதைத்தான். புளிப்பு இல்லாத எலுமிச்சை மணமே இந்தப் பானத்தின் தனித்தன்மை.

அந்த மணம் முழுவதும் தோலின் வெளிப்பரப்பில் உள்ள நுண்ணிய எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. பட்டீஸ்வரம் துர்க்கை சந்நிதியில் எலுமிச்சை விளக்கு ஏற்றியவர்கள், பிழிந்த மூடியை உள்வெளியாகப் புரட்டும்போது விரலில் பிசுபிசுப்பாக ஏறும் மணத்தை உணர்ந்திருப்பார்கள். அதுதான் அந்த எண்ணெய். அதில் பெரும்பகுதி லிமோனீன் என்னும் வேதிப்பொருள். அது தண்ணீரில் கரையாது, சாராவியில் கரையும். ஆகவே மதுவில் தோலை ஊறவைத்து எண்ணெயை வெளியே இழுப்பதும், பின்னர் சீனிப்பாகு சேர்த்து வீரியத்தைக் குறைப்பதும்தான் மொத்த வேலை. மேல்தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைச் சதையில் கசப்பு மட்டுமே உண்டு. அதை எவ்வளவு தவிர்க்கிறோமோ அவ்வளவு பானம் தேறும்.

டெல்டாவில் இதைச் செய்ய நினைப்பவருக்கு வரும் உண்மையான சிக்கல் பழத்தில்தான் இருக்கிறது. தஞ்சாவூர் காமராஜ் மார்க்கெட்டிலும் திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் குவித்து விற்கப்படும் நம் எலுமிச்சை, இத்தாலியர்கள் பயன்படுத்தும் பழம் அன்று. நம்முடையது சிறியது, தோல் காகிதம்போல் மெல்லியது, சாறு மிகுதியானது. சொரெண்டோவிலும் அமால்ஃபியிலும் விளைபவை நீண்டு, தடித்த தோலுடன், கையில் எடுத்தாலே மணக்கும் வேறு இனத்துப் பழங்கள். அவ்விரு பகுதிப் பழங்களுக்கும் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பும் வழங்கியிருக்கிறது. நம் எலுமிச்சைத் தோலை மட்டும் ஊறவைத்தால் கிடைக்கும் பானம் மோசமாக இருக்காது. ஆனால் அதன் மணம் கூர்மையாக, சற்றே பச்சையாக, வேறு திசையில் போய்விடும். தவிர, அவ்வளவு மெல்லிய தோலை வெள்ளைப் பகுதி படாமல் சீவி எடுப்பது பொறுமைக்குப் பெரிய சோதனை.

இதற்கு விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. நம் வீடுகளில் உப்பு ஊறுகாய்க்கு வாங்கும் நார்த்தங்காயை எண்ணிப் பாருங்கள். தாவர நூல்கள் பொதுவாக நார்த்தை என்று குறிப்பிடும் சிட்ரஸ் மெடிக்கா என்னும் இனமும் கசப்பு ஆரஞ்சும் கலந்து பிறந்ததுதான் இத்தாலிய எலுமிச்சை என்று மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. தடித்த, கரடுமுரடான, எண்ணெய் நிறைந்த தோல் அந்தப் பெற்றோரின் வழியாக வந்தது. எனவே டெல்டாவில் செய்யும் லிமொன்செல்லோவுக்கு நார்த்தையை முதன்மையாகவும், மணத்துக்குக் கூர்மை சேர்க்க எலுமிச்சையைத் துணையாகவும் வைத்துக்கொள்வதே, தேடிப் பிடித்து வாங்கும் மெழுகு பூசிய இறக்குமதிப் பழத்தைவிட நல்ல வழி.

நார்த்தங்காய் என்ற பெயரில் சந்தைக்குச் சந்தை வேறுபட்ட பழங்கள் விற்கப்படுவதால், பெயரை நம்பாமல் மூக்கை நம்ப வேண்டும். நகத்தால் தோலை இலேசாகக் கீறி முகர்ந்தால், மணம் உடனே எழும்பி நிற்க வேண்டும். தோல் இறுக்கமாகவும் பழம் அளவுக்குத் தக்க கனமாகவும் இருக்க வேண்டும். ஊறுகாய்க்குப் பெரும்பாலும் பச்சைக் காயையே கேட்பார்கள் என்பதால் வியாபாரியும் அதையே எடுத்துத் தருவார். உங்களுக்கு வேண்டியது மஞ்சளாகத் திரும்பிய பழம் என்பதைச் சொல்லிக் கேளுங்கள், ஏனெனில் பச்சைத் தோலில் கசப்பு அதிகம். கொல்லையில் நார்த்தை மரம் உள்ள உறவினர் யாராவது இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. மருந்து தெளிக்காத, அன்று பறித்த பழம் கிடைக்கும். கிடாரங்காயும் உதவும், ஆனால் அதன் வெள்ளைச் சதை மிகவும் தடிமன் என்பதால் சீவும்போது கூடுதல் கவனம் வேண்டும். நார்த்தையே கிடைக்காத மாதங்களில் நன்றாக மஞ்சளான எலுமிச்சையை மட்டும் வைத்தும் செய்யலாம். பானம் வேறு வகையாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டால் போதும்.

செய்வதற்கு முன் ஒருமுறை அசல் பானத்தைச் சுவைத்துவிடுவது நல்லது, இல்லையெனில் எதை நோக்கிப் போகிறோம் என்பதே தெரியாது. தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் மட்டுமே இருக்கிறது. வெளிநாட்டு வகைகளை வைத்திருக்கும் எலைட் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். லிக்கர் என்னும் இனிப்பு மதுவகைகளுக்கு இங்கே வாடிக்கையாளர் குறைவு என்பதால் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். டெல்டாக்காரர்களுக்கு உள்ள எளிய வழி விமான நிலையம்தான். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் ஒருவராவது இல்லாத தெரு இங்கே அரிது. திருச்சி வழியாக ஊர் திரும்பும் வயதுவந்த பயணி, சுங்க விதிகளின்படி 2 லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். வாங்கி வருபவரிடம் புட்டியின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். எலுமிச்சைத் தோல் ஊறல் என்று குறிப்பிட்டிருந்தால் வாங்கலாம்; செயற்கை மணமும் நிறமும் பட்டியலில் இருந்தால் தவிர்க்கலாம். சாராவி அளவு பொதுவாக 25 முதல் 32 சதவீதத்துக்குள் இருக்கும்.

காரைக்கால் பக்கத்தில்தானே இருக்கிறது என்ற எண்ணம் நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தவருக்கு இயல்பாகவே வரும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே வாங்கிய மதுவை வாஞ்சூர் சோதனைச் சாவடி தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். ஒரு புட்டி எலுமிச்சை மதுவுக்காக வண்டியைப் பறிகொடுக்க வேண்டாம்.

சட்டம் குறித்து இன்னும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டில் மது காய்ச்சுவதும், வடிப்பதும், உரிமமின்றி விற்பதும் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி தண்டனைக்குரியவை. இந்தக் கட்டுரையில் காய்ச்சுதலோ நொதிக்கவைத்தலோ எங்கும் இல்லை. கடையில் முறைப்படி வாங்கிய ஒரே ஒரு புட்டி வோட்காவில், சொந்த வீட்டுக்குள், சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோலை ஊறவைப்பது மட்டுமே பேசப்படுகிறது. திருமண வீட்டுக்கென்று பெரிய அளவில் செய்வது, தெரிந்தவருக்கு விலைக்குக் கொடுப்பது போன்ற யோசனைகள் எவருக்கேனும் இருந்தால் அவற்றை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

இத்தாலியர்கள் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட தூய சாராவியைப் பயன்படுத்துகிறார்கள். அங்கே அது பலசரக்குக் கடையிலேயே கிடைக்கும். இங்கே பொதுமக்களுக்கு விற்கப்படுவதில்லை. அந்த இடத்தை நிரப்ப ஆய்வகச் சாராவி, காயம் துடைக்கும் ஸ்பிரிட், கைகழுவும் சானிடைசர், பெயின்ட் கடைச் சரக்கு என்று எதையும் நாடக் கூடாது. அவற்றில் மெத்தனாலோ வேறு நஞ்சோ கலந்திருக்கலாம், எந்த வடிகட்டலாலும் அதை நீக்க முடியாது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. முத்திரை உடையாத, மணமூட்டப்படாத சாதாரண வோட்கா போதும். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. தோலின் மணமே முன்னால் நிற்கும் என்பதால் பணத்தைப் பழத்தில் செலவிடுவது அறிவுடைமை. ஜின் வேண்டாம், அதற்கே உரிய மணம் இருக்கிறது. ரம்மும் பிராந்தியும் நிறத்தையே மாற்றிவிடும்.

பழங்களை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா கரைத்து, கால் மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் தேய்த்துக் கழுவி, ஈரம் முழுதும் போகத் துடைக்க வேண்டும். பிறகு காய்கறித் தோல் சீவும் கருவியால், அழுத்தாமல், நீள நீளமாக மேல்தோலை மட்டும் சீவுங்கள். சீவலின் உட்பக்கத்தைப் பார்த்தால் எண்ணெய்ப் பைகளின் புள்ளிகள் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் ஆழமாகப் போய்விட்டீர்கள் என்று பொருள். அந்தத் துண்டைப் பலகையில் மல்லாத்தி வைத்து, கூரிய கத்தியால் வெள்ளையைச் சுரண்டி எடுத்துவிடலாம். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இந்த அரை மணி நேரத்தில் காட்டும் கவனமே கடைசிக் கோப்பைவரை பேசும். எலுமிச்சையைச் சீவ முடியாதவர்கள் நுண்ணிய துருவியில் மேலாகத் துருவிக்கொள்ளலாம்.

750 மில்லி வோட்காவுக்கு, சுத்தம் செய்த மேல்தோல் 60 முதல் 70 கிராம் தேவை. பழங்களின் அளவு வேறுபடும் என்பதால் எண்ணிக்கையை விட எடையை நம்புங்கள்; சமையலறைத் தராசு இல்லாதவர்கள், நடுத்தர நார்த்தை 5 அல்லது 6, எலுமிச்சை 4 அல்லது 5 என்று தொடங்கலாம். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவாமல் வெயிலில் இறங்கக் கூடாது. எலுமிச்சை இனத் தோலின் எண்ணெய் பட்ட சருமத்தில் வெயில் ஏறினால் கொப்புளமும், பல வாரங்கள் நீடிக்கும் கருந்திட்டும் வரக்கூடும். டெல்டாவின் சித்திரை வெயிலில் இது சிறிய எச்சரிக்கை அன்று.

தோலை இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில் இட்டு, வோட்காவை முழுவதும் ஊற்றி மூடுங்கள். பிளாஸ்டிக் டப்பா கூடாது, ஏனென்றால் லிமோனீன் தெர்மகோலையே கரைத்துவிடும் இயல்புடையது. ஊறுகாய் ஜாடியும் வேண்டாம். எத்தனை முறை கழுவினாலும் பழைய மிளகாய், பெருங்காய வாசனை அதில் தங்கியிருக்கும். புட்டியை வெளிச்சம் படாத, அடுப்பிலிருந்து தள்ளிய இடத்தில் வைக்க வேண்டும். நம் ஊர் வெப்பம் எண்ணெய் இறங்குவதை விரைவுபடுத்தும் என்பது உண்மைதான், ஆனால் வெப்பமும் வெளிச்சமும் காற்றும் சேர்ந்தால் அதே எண்ணெய் கெட்டு டர்பன்டைன் வாடை வரும். மாடிப்படிக்கு அடியிலோ, உள்ளறை அலமாரியின் கீழ்த்தட்டிலோ, கத்திரி வெயில் நாட்களானால் குளிர்சாதனப் பெட்டியின் கீழறையிலோ வைக்கலாம். குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது, மேலே பெயரும் தேதியும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். மஞ்சள் நிறமாக, எலுமிச்சை மணத்துடன் இருக்கும் எதையும் நம் வீட்டில் பழரசம் என்றே எண்ணுவார்கள்.

தினம் ஒருமுறை புட்டியை மெல்லக் குலுக்கினால் போதும். 95 சதவீதச் சாராவியில் சில நாட்களில் முடியும் வேலை, 42.8 சதவீத வோட்காவில் மெதுவாகத்தான் நடக்கும். எலுமிச்சை மட்டும் என்றால் இரண்டு வாரம் முதல் மூன்று வாரம் வரை விடலாம். நார்த்தை சேர்ந்திருந்தால் ஐந்தாம் நாளிலிருந்தே ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டு, ஏறத்தாழ பத்தாம் நாளில் வடிகட்டிவிடுவது பாதுகாப்பு, ஏனென்றால் மணம் இறங்கி முடிந்தபின்னும் கசப்பு இறங்கிக்கொண்டே இருக்கும். தோலின் நிறம் வெளுத்து, வளைத்தால் முறியும் அளவுக்கு விறைத்துவிட்டால் அதில் இனி எடுக்க ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் ஊறவைத்தால் சுவை கூடும் என்பதை நான் ஏற்கவில்லை. அந்தக் காத்திருப்பைப் பாகு கலந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

வடிகட்ட, கஞ்சி போடாத, சோப்பு மணமில்லாத பழைய வெள்ளை வேட்டித் துணியை நான்காக மடித்துப் பயன்படுத்தலாம். பிழியாமல் தானே வடிய விடுங்கள். மேலும் தெளிவு வேண்டுமானால் காகித வடிதாளில் இரண்டாம் முறை வடிக்கலாம். பித்தளைக் காபி ஃபில்டரை எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்; அதில் ஊறியிருக்கும் டிகாக்‌ஷன் வாசம் கும்பகோணத்துக்குப் பெருமை, லிமொன்செல்லோவுக்கு அன்று.

அடுத்தது பாகு. இங்கே ஒரு சிறு கணக்கு தேவைப்படுகிறது. இணையத்தில் கிடைக்கும் இத்தாலியச் செய்முறைகள் சாராவிக்குச் சமமாகவோ அதற்கு மேலோ தண்ணீர் சேர்க்கச் சொல்கின்றன. அவை 95 சதவீதத்துக்கு எழுதப்பட்டவை. அதே அளவை வோட்காவில் சேர்த்தால் நீர்த்துப்போன சர்பத்துதான் மிஞ்சும். புட்டியில் அச்சிட்ட சதவீதத்தைப் பாருங்கள். 42.8 சதவீத வோட்கா 750 மில்லியில் உள்ள தூய சாராவி 321 மில்லி. முடிவில் 30 சதவீதம் வேண்டுமானால் மொத்தப் பானம் ஏறத்தாழ 1,070 மில்லியாக இருக்க வேண்டும். அதாவது சேர்க்க வேண்டிய பாகு 320 மில்லி மட்டுமே. ஒரு கிராம் சீனி கரைந்தபின் சுமார் 0.62 மில்லி இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால், 250 கிராம் சீனியும் 165 மில்லி தண்ணீரும் சேர்ந்தால் அந்த அளவு கிடைத்துவிடும். இறக்குமதி வோட்கா 40 சதவீதமாக இருந்தால் பாகு 250 மில்லி போதும். அதற்குச் சீனி 190 கிராம், தண்ணீர் 130 மில்லி.

வெள்ளைச் சீனியைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் நல்ல பொருள்கள்தான், ஆனால் அவற்றின் மணம் தோலின் மணத்தை அமுக்கிவிடும். தண்ணீரைப் பற்றியும் டெல்டாவில் கவலைப்பட்டே ஆக வேண்டும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து நிலத்தடி நீரின் உவர்ப்பு பானத்தில் அப்படியே தெரியும், கடின நீர் அடியில் வெண்படிவை உண்டாக்கும். எனவே சுத்திகரித்த கேன் தண்ணீரை எடுத்துக்கொள்வது நல்லது. சீனியும் தண்ணீரும் மிதமான தீயில் கரைந்து, ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப் பதம் தேவையில்லை. பாகு முழுதும் ஆறி அறையின் வெப்பநிலைக்கு வந்த பிறகே வோட்காவுடன் சேர்க்க வேண்டும். சூடாக ஊற்றினால் சாராவியும் மணமும் ஆவியாகிப் போகும், பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் தீப்பிடிக்கவும் கூடும். வடிகட்டல், கலத்தல் இரண்டையும் சமையலறைக்கு வெளியே வைத்துக்கொள்வது உத்தமம்.

பாகு சேர்ந்ததும் சிலருக்குப் பானம் பால்போல் கலங்கும், சிலருக்குத் தெளிவாகவே நிற்கும். சாராவியின் வீரியம் குறையும்போது அதில் கரைந்திருந்த எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதே கலங்கலுக்குக் காரணம். இத்தாலியில் அந்தக் கலங்கலையே நல்ல அடையாளமாகக் கருதுவார்கள். வோட்காவில் இறங்கும் எண்ணெய் குறைவு என்பதால் நமக்குத் தெளிவாக வந்தாலும் குறையில்லை. மேலே எண்ணெய் வளையம் மிதந்தால் குலுக்கிவிட்டால் போதும்.

கலந்த உடனே குடித்தால் சாராவியும் இனிப்பும் தனித்தனியாக நிற்கும். கொதிநீரில் கழுவி உலர்த்திய புட்டிகளில் அடைத்து, இருட்டில் மூன்று நான்கு வாரம் விட்டால் இரண்டும் இணங்கிவரும். அதன்பின் உறைபெட்டியில் வைத்துவிடலாம். 30 சதவீதச் சாராவியும் இவ்வளவு சீனியும் உள்ள பானம் வீட்டு உறைபெட்டியில் கட்டியாகாது, சற்றே தடித்துத் தேன்போல் வழியும். கட்டியாகிவிட்டால் தண்ணீர் கூடிவிட்டது என்று அறியலாம். பரிமாறும் அளவு ஒருவருக்கு 30 மில்லி. குளிரும் இனிப்பும் வீரியத்தை மறைத்துவிடுவதால் இரண்டாவது கோப்பை எளிதாக இறங்கும் என்பதையும், அதன்பின் வண்டி ஓட்டக் கூடாது என்பதையும் விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கருவுற்றவர்களும், மதுவுடன் சேரக்கூடாத மருந்து உட்கொள்பவர்களும் விலகியிருக்க வேண்டும். நிறமும் மணமும் ஆறு மாதத்துக்குள் மங்கத் தொடங்கும் என்பதால் வருடக்கணக்கில் பாதுகாத்து வைப்பதில் பயனில்லை.

தோல் சீவிய பழங்கள் விரைவில் வாடும். அன்றே பிழிந்து, சாறு எடுத்துச் சாதத்துக்கோ ரசத்துக்கோ பயன்படுத்திவிடலாம். ஊறி வடிந்த தோலில் சாராவி மிச்சமிருக்கும், அதைக் குப்பையில் போடுவதே சரி.

மது நுழையாத வீடுகள் டெல்டாவில் ஏராளம். அவர்களும் இந்த மணத்தை இழக்க வேண்டியதில்லை. அதே அளவு மேல்தோலை 250 கிராம் சீனியுடன் சேர்த்து, கையால் அல்லது மத்தின் அடியால் அழுத்திப் பிசைந்து, மூடி ஓர் இரவு வைத்தால், சீனி எண்ணெயை உறிஞ்சி ஈரமாகிவிடும். காலையில் 200 மில்லி வெந்நீர் ஊற்றிக் கரைத்து, ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, சீவிய பழங்களின் சாற்றில் 100 மில்லி சேர்த்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும். இரண்டு மேசைக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரிலோ சோடாவிலோ கலந்து, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் கொடுக்கலாம். நார்த்தை மிகுதியாக இருந்தால் கசப்பு சற்றுத் தெரியும் என்பதால், குழந்தைகளுக்குச் செய்யும்போது எலுமிச்சைத் தோலைக் கூட்டி நார்த்தையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.